கல்வராயன் மலையில் நின்று பெண்ணியம் படிப்போம்



"பெண்ணியம்" என்ற சொல்லை நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உடனே மூன்று விதமான பதில் வரும். "அதான் எல்லாம் கிடைச்சிருச்சே, இன்னும் என்ன?" என்பார் ஒருவர். "ஆம்பளைங்களைத் திட்டுறதுதானே அது?" என்பார் இன்னொருவர். "நான் ஃபெமினிஸ்ட் எல்லாம் இல்லப்பா, ஆனா சம உரிமை வேணும்" என்பார் மூன்றாவது ஆள்.

மூன்று பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பெண்ணியம் என்பது ஒரே ஒரு கொள்கை கிடையாது. பிறப்பால் பெண் என்பதற்காக ஒருவருடைய வாய்ப்பும் உரிமையும் மரியாதையும் குறையக் கூடாது என்பது எல்லாப் பெண்ணியங்களுக்கும் பொதுவான அடிப்படை. ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால், ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

இந்தப் பிரிவுகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் லண்டனில் ஆரம்பித்து நியூயார்க்கில் முடிந்துவிடும். நாம ஒரு மாறுதலுக்கு நம்ம மாநிலத்திலேயே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையும்தான் நம் வகுப்பறை.

ஏன் கல்வராயன் மலை?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. கீழே சமவெளியில் கரும்பு, நெல், மரவள்ளி. மேலே வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. தமிழ் பேசுபவர்கள். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இவர்களுடையதுதான்.

நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தாலும், இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதாவது, நம்ம அப்பா அம்மா தலைமுறைக்குச் சற்று முன்புவரை. சாலை, பள்ளி, மருத்துவமனை, பட்டா என்று சமவெளியில் நாம் பழகிப்போன எல்லாமே அங்கே தாமதமாகத்தான் ஏறின. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிய வழக்கை எடுத்து விசாரிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

இப்போது மனதில் ஒரு பெண்ணை நிறுத்திக்கொள்ளுங்கள். மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வயது 30. மூன்று பிள்ளைகள். வீட்டு வேலை, காட்டு வேலை, கூலி வேலை எல்லாம் பார்க்கிறார். பெயர் வேண்டாம், அவர் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவரைச் சுற்றி நாம் பேசப்போகும் சட்டங்களும் சம்பவங்களும் நிஜம். ஒவ்வொரு பெண்ணியமும் இந்தப் பெண்ணைப் பார்த்து என்ன கேள்வி கேட்கும் என்று பார்ப்போம்.

1. தாராளவாதப் பெண்ணியம்: "சட்டம் சமமாக இருக்கிறதா?"

மிகப் பழைய பிரிவு இது. இங்கிலாந்தில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-ல் பெண்களுக்கும் கல்வி வேண்டும் என்று எழுதியதிலிருந்து இதன் வரலாறு தொடங்கும். கல்வி, ஓட்டு, வேலை, சொத்து ஆகியவற்றில் சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி நடத்தினால் போதும், மீதி தானாகச் சரியாகும் என்பது இதன் நம்பிக்கை. 1893-ல் நியூசிலாந்து பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. சென்னை மாகாணம் 1921-லேயே (சொத்துத் தகுதி இருந்த) பெண்களுக்கு ஓட்டு கொடுத்துவிட்டது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையில் அமர்ந்து தேவதாசி முறை ஒழிப்புக்காக வாதாடியது இந்த வழியில்தான்.

சொத்துரிமையை எடுத்துக்கொள்வோம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 60 வருஷம் கழித்து, 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்றது. 2005-ல் நாடு முழுக்க அதே உரிமை வந்தது. பொதுத்தேர்வுக்கு இதை நாம எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம்.

ஆனால் அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(2) பிரிவை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிடாத வரை, இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது அது. பழங்குடிகளின் வழக்காறுகளைக் காப்பாற்ற வைத்த பிரிவுதான். ஆனால் நிலம் மகன்களுக்கே போகும் வழக்காறு உள்ள சமூகத்தில் அதன் விளைவு என்ன? சின்னசேலத்தில் பிறந்த பெண்ணுக்குச் சட்டம் தெளிவாகத் தருகிற பங்கை, அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையில் பிறந்த பெண் நீதிமன்றம் போய் வாதாடித்தான் வாங்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்தப் பிரிவைத் திருத்துவது பற்றி யோசிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பெண் வாரிசுகளுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் வழக்கு போட்டவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பும், எல்லாருக்கும் பொருந்துகிற சட்டமும் ஒன்றல்லவே.

இதே மலைக்கு இன்னொரு சட்டம் நல்லதைக் கொண்டுவந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவுப்படி, காட்டு நிலத்துக்குக் கொடுக்கப்படும் உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாக வேண்டும். கிராம அளவில் மனுக்களைப் பரிசீலிக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்து, 2016-க்குப் பிறகே வேகம் எடுத்தது. நம்ம கற்பனைப் பெண் பிறந்த வீட்டில் பங்கு கேட்க முடியாமல் போனாலும், புகுந்த வீட்டின் வனப் பட்டாவில் தன் பெயரைக் கேட்கலாம். அவருக்கு அது தெரிந்திருந்தால்!

தாராளவாதப் பெண்ணியத்தின் பலமும் குறையும் இதிலேயே இருக்கிறது. ஒரு வரியைத் திருத்தினால் லட்சம் பேருடைய வாழ்க்கை மாறும். ஆனால் அந்த வரியைப் படிக்க எழுத்தறிவும், கேட்க தைரியமும், போய் வர பஸ்ஸும் வேண்டும்.

2. மார்க்சிய, சோஷலிசப் பெண்ணியம்: "வேலை யாருடையது, கூலி யாருக்கு?"

சட்டம் சமமானால் எல்லாம் சமமாகிவிடுமா என்று கேட்டு வந்தது இந்தப் பிரிவு. தனிச்சொத்து உருவானபோதுதான் பெண் அடிமையானாள் என்று 1884-ல் எங்கெல்ஸ் எழுதினார். மார்ச் 8 அன்று நம்ம கல்லூரியில் கோலப்போட்டி நடத்துகிறோமே, அந்த மகளிர் தினத்துக்கு வித்திட்டவர் கிளாரா ஜெட்கின் என்ற ஜெர்மன் சோஷலிஸ்ட். உழைக்கும் பெண்களின் போராட்ட நாளாகத்தான் அது பிறந்தது.

இந்தப் பிரிவு தந்த முக்கியமான யோசனை, கூலி இல்லாத வேலையையும் வேலையாகக் கணக்கிடு என்பது. தண்ணீர் எடுப்பது, விறகு சேர்ப்பது, சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது இதையெல்லாம் யாரும் செய்யாவிட்டால் மறுநாள் காலையில் யாரும் வேலைக்குப் போக முடியாது. ஆனால் இவற்றுக்குச் சம்பளமும் கிடையாது, "வேலை" என்ற பெயரும் கிடையாது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் இது 289, 88 என்று இருந்தது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் குறைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்!

இது தேசிய சராசரி. குழாய் வராத, கேஸ் சிலிண்டரைத் தலையில் சுமந்து ஏற்ற வேண்டிய மலைக் கிராமத்தில் இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

கூலி வேலைக்கு வருவோம். 100 நாள் வேலைத் திட்டச் சட்டம், பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 2005-ல் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஏன்? வெளியே விவசாயக் கூலியில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த தொகை என்பது இன்றும் பல ஊர்களில் நடைமுறை. சம கூலி கிடைக்கும் இடத்துக்குப் பெண்கள் கூட்டமாக வருவதில் ஆச்சரியம் என்ன? மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு 2023-ல் "மகளிர் உதவித்தொகை" என்று பெயர் வைக்காமல் "மகளிர் உரிமைத் தொகை" என்று வைத்ததன் பின்னாலும் இந்த வாதம் இருக்கிறது. வீட்டில் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசு ஒப்புக்கொள்வது அது. தொகை போதுமா என்பது வேறு விவாதம்.

3. தீவிரப் பெண்ணியம்: "வீட்டுக்குள் என்ன நடக்கிறது?"

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் எழுந்த பிரிவு இது. சட்டமும் சம்பளமும் சமமான வீட்டில்கூட ஒரு பெண் அடி வாங்கலாமே, அதற்கு என்ன பதில் என்று கேட்டது. குடும்பம், திருமணம், உடல் ஆகியவை "சொந்த விஷயம்" என்று மூடி வைக்கப்படுவதால்தான் வன்முறை தொடர்கிறது, எனவே தனிப்பட்டதும் அரசியல்தான் என்றது.

தேசிய குடும்பநல ஆய்வின் (2019–21) படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை ஒருமுறையாவது அனுபவித்திருக்கிறார்கள். படிப்பிலும் தொழிலிலும் முன்னணி மாநிலம் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டின் எண் இது.

கள்ளக்குறிச்சி என்றாலே 2024 ஜூனுக்குப் பிறகு எல்லாருக்கும் ஞாபகம் வருவது கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் தினக்கூலி ஆண்கள். சில பெண்களும் இறந்தார்கள். டி.வி. சேனல்கள் சாராயம் காய்ச்சியவர்களையும் அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் பற்றிப் பேசின. பெண்ணியம் இன்னும் சில கேள்விகளை அங்கே வைக்கிறது. அந்த வீடுகளில் அந்த நாளுக்கு முன்னால் கூலிப் பணத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது? அரசு கொடுத்த 10 லட்சம் நிவாரணத்துக்குப் பிறகும், அந்தக் கடன்களையும் பிள்ளைகளின் படிப்பையும் யார் தலையில் சுமக்கிறார்கள்?

மதுவுக்கு எதிராகப் பெண்கள் திரள்வது புதுசும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற கிராமத்தில், அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993-ல் ஆந்திரா சாராயத்தைத் தடை செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அரசின் வருவாய்க் கொள்கையையே அசைத்தார்கள்.

இந்தப் பிரிவில் இன்னொரு விஷயம், குழந்தைத் திருமணம். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் மேல்நிலைப் பள்ளி தூரமாக இருக்கும் மலைக் கிராமங்களில், பத்தாவதோடு படிப்பு நின்றால் அடுத்த பேச்சு கல்யாணம்தான். இதற்கும் நம்ம கல்லூரிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி, 1992-ல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்க அவரைக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக வழக்கு. விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஆனால் அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான வழிகாட்டுதல்களை 1997-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதுவே 2013-ல் சட்டமானது. நம்ம கல்லூரி நோட்டீஸ் போர்டில் "உள்ளகப் புகார்க் குழு" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அது ஒரு கிராமத்துப் பெண் ஒரு சிறுமிக்காக எழுந்து நின்றதால் வந்தது.

4. தலித், பழங்குடி, குறுக்குவெட்டுப் பெண்ணியம்: "எந்தப் பெண்?"

நம்ம துறைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 1970-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்கு போட்டார்கள். ஆட்குறைப்பில் கறுப்பினப் பெண்கள்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்பது புகார். நீதிமன்றம் கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதா என்று பார்த்தது. எடுத்திருந்தது; அவர்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரை எடுத்திருக்கிறதா என்று பார்த்தது. எடுத்திருந்தது, அவர்கள் தொழிற்சாலையில் இருந்த ஆண்கள். ஆகவே பாகுபாடு இல்லை என்று சொல்லிவிட்டது! இரண்டு இன்புட்டையும் தனித்தனியாகச் சோதித்தார்கள், இரண்டும் சேர்ந்து வரும் நிலையைச் சோதிக்கவே இல்லை. இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் "குறுக்குவெட்டு" என்ற கருத்தை முன்வைத்தார்.

நம் நாட்டில் சாதியை வைத்து இதே கேள்வியைத் தலித் பெண்கள் கேட்டார்கள். தமிழில் சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு' போன்ற நூல்கள், "பெண்" என்று பொதுவாகப் பேசும்போது யாருடைய அனுபவம் விட்டுப்போகிறது என்று காட்டின. பெண்ணடிமைத்தனமும் சாதியும் திருமணம் என்ற ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை என்பதை அதற்கு முன்பே பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் பேசியிருந்தார்கள். சாதி நிலைக்க வேண்டுமென்றால் பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். ஆணவக் கொலைகள் பற்றிய ஒவ்வொரு செய்தியும் இதைத்தான் நிரூபிக்கிறது.

மலைக்கு வருவோம். கல்வராயனுக்குப் பக்கத்து மலை சித்தேரி. அதன் அடிவாரத்தில், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ளது வாச்சாத்தி. இங்கேயும் மலையாளி பழங்குடியினர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேரைத் தவிர மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது.

31 ஆண்டுகள். அந்தப் பெண்களில் பள்ளிச் சிறுமியும் இருந்தாள். அவர்கள் ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து, சீருடை போட்டவர்களை நேருக்கு நேர் அடையாளம் காட்டி, மிரட்டலுக்கும் சமரசத்துக்கும் இணங்காமல் நின்றார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. அவர்களில் யாரும் பெண்ணியப் புத்தகம் படித்து இதைச் செய்யவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்ணிய வரலாறு என்று யாராவது எழுதினால் வாச்சாத்தி முதல் பக்கங்களில் இருக்க வேண்டும்.

பெண் என்பதால் மட்டும் அது நடந்ததா? அப்படியென்றால் சென்னை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்திருக்குமா? பழங்குடி என்பதால் மட்டும் நடந்ததா? அப்படியென்றால் பெண்களைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனது ஏன்? இரண்டும் சேர்ந்த இடத்தில் நடந்தது அது.

5. சூழலியல் பெண்ணியம்: "காடு யாருடையது?"

1973-ல் இமயமலை அடிவாரத்தில் தொடங்கிய சிப்கோ இயக்கத்தில், பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்தார்கள். இயற்கையைச் சுரண்டுவதும் பெண்ணைச் சுரண்டுவதும் ஒரே மனப்பான்மை என்று வந்தனா சிவா போன்றவர்கள் எழுதினார்கள். இதை பீனா அகர்வால் என்ற பொருளாதார அறிஞர் கேள்விக்குள்ளாக்கினார். பெண் இயல்பாகவே இயற்கைக்கு நெருக்கம் என்பது சரியில்லை. விறகும் தண்ணீரும் தேடுகிற வேலை அவள் தலையில் இருப்பதால்தான் காடு அழிந்தால் முதலில் அவளுக்கு வலிக்கிறது என்றார். நிலம் அவள் பெயரில் இருந்தால்தான் நிலைமை மாறும் என்றும் வாதிட்டார்.

நம்ம மலைப் பெண்ணுக்கு இந்த இரண்டாவது வாதம்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாமை, தினை விதைகளைப் பாதுகாத்து வைப்பதும், புளியும் கடுக்காயும் சேகரிப்பதும் அவர் அறிவும் உழைப்பும். "மலைமகள்" என்று கவிதை பாடுவதைவிட, சிறுவன மகசூல் விற்ற பணம் அவர் கைக்கு வருகிறதா என்று கேட்பது பயனுள்ளது.

சரி, இது ஆண்களுக்கு எதிரானதா?

இந்தக் கேள்விக்கும் அதே மலைத்தொடர்களில் பதில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். "ஆம்பளைன்னா சம்பாதிச்சுப் போடணும், எந்த ஆபத்தா இருந்தாலும் போகணும்" என்ற எதிர்பார்ப்பு, வறுமையோடு சேர்ந்தால் ஆண்களைக் கொல்லும். கருணாபுரத்தில் "உடம்பு வலிக்குக் குடிச்சாத்தான் தூக்கம் வரும்" என்ற பழக்கமும் அப்படியே. ஆணாதிக்கம் என்பது ஓர் ஏற்பாடு. அதில் ஆணுக்கு அதிகாரம் கிடைக்கிறது, கூடவே ஒரு பாரமும் ஏறுகிறது. பெண்ணியம் எதிர்ப்பது அந்த ஏற்பாட்டை.

"சட்டங்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்களே?" என்பது அடுத்த கேள்வி. எந்தச் சட்டமும் தவறாகப் பயன்படுத்தப்படலாம். அப்படி நடந்தால் விசாரித்துத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் வாச்சாத்திப் பெண்கள் ஒரு தீர்ப்புக்கு 19 வருஷம் காத்திருந்த நாட்டில், புகார் கொடுப்பது அவ்வளவு சுலபம் என்று நினைப்பது நியாயமா?

நாம் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் கேட்கவில்லை. நம் கைக்கு எட்டுகிறவை மட்டும்:

• உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தரலாம்.

• என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கிராமத்துக்குப் போனால் மரக்கன்று நடுவதோடு நிறுத்தாதீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வனப் பட்டாவில் மனைவி பெயர் இருக்கிறதா, கிராம சபையில் பெண்கள் பேசுகிறார்களா என்று கேளுங்கள்.

• அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. உங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தங்கைகளுக்குச் சொல்லுங்கள். குழந்தைத் திருமணம் பற்றித் தெரிந்தால் 1098, பெண்களுக்கான உதவிக்கு 181.

• பொறியியல் படிக்கிறோம், அதையும் விடக் கூடாது. கார் விபத்துச் சோதனைக்கான பொம்மை நீண்ட காலம் சராசரி ஆணின் உடலை அளவாக வைத்தே செய்யப்பட்டது. ஒரு பொருளை வடிவமைக்கும்போது "இதைப் பயன்படுத்தப்போகிறவர் யார்?" என்று கேட்டால், பதிலில் மலை ஏறிச் சிலிண்டர் சுமக்கும் பெண்ணும் வரட்டும்.

• ஆண் நண்பர்களுக்கு: விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அந்த 88 நிமிடத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சொல்லிக் காட்டாமல்!

இந்த ஐந்து பிரிவில் எது சரி என்று கேட்டால், கல்வராயன் மலையில் ஒரு பெண்ணின் ஒரு நாளுக்கே ஐந்தும் தேவைப்படுகிறது என்பதுதான் என் பதில். பட்டாவுக்கு முதலாவது, கூலிக்கு இரண்டாவது, வீட்டுக்குள் மூன்றாவது, காவல் நிலைய வாசலில் நான்காவது, காட்டில் ஐந்தாவது.

அடுத்த முறை மெஸ்ஸில் யாராவது "எல்லாம்தான் கிடைச்சிருச்சே" என்று சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம். வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து நல்லபடியாகத் தொடங்கும்.